எக்ஸ்சேஞ்ச் செமஸ்டரில் வீட்டார் வருகிறார்கள்: ஏழு நாடா, ஒரே ஊரா?

ஈரோட்டுப் பொண்ணு | 11.01.2025

வணக்கம். மார்ச் கடைசியில் ஒரே ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகருக்குப் போகிறேன். ஏப்ரல் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது, ஜூலை கடைசியில் முடிகிறது. நடுவில், ஜூன் இரண்டாம் வாரம் பெந்தெகொஸ்தே விடுமுறை. அதை ஒட்டி அப்பா, அம்மா, தம்பி, அப்பத்தா நான்கு பேரும் வருகிறார்கள். அப்பத்தாவுக்கு 71 வயது. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. இதுவரை விமானம் ஏறியதில்லை.

அப்பா ஒரு டிராவல்ஸில் பேசி 11 நாளில் ஏழு நாடு என்று ஒரு பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லூசெர்ன், இன்ஸ்புருக், வெனிஸ், ரோம், வத்திக்கான். என்னையும் அதில் சேர்ந்துகொள்ளச் சொல்கிறார். ஃப்ரைபுர்க் அந்தப் பட்டியலிலேயே இல்லை! நான் படிக்கிற ஊரை, நான் இருக்கப்போகும் அறையை அவர்கள் பார்க்கவே மாட்டார்களா என்று கேட்டால், "இவ்வளவு செலவு செய்து வருகிறோம், எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்" என்கிறார். அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதுரை பையன் | 11.01.2025

அப்பா சொல்வதில் தப்பே இல்லை சகோதரி. நம் வீடுகளில் இரண்டாவது முறை ஐரோப்பா போவது எத்தனை பேருக்கு அமையும்? பாரிஸ் வரை வந்து ஐஃபிள் கோபுரம் பார்க்காமல் திரும்பினால் காலத்துக்கும் மனதில் நிற்கும். விசாவைப் பொறுத்தவரை, எந்த நாட்டுக்கு சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அதில் போட்டுவிடுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதானே, எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்.

மயிலாப்பூர் பயணி | 12.01.2025

கடைசி வரியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். விசா ஒன்றுதான், ஆனால் எங்கே விண்ணப்பிப்பது என்பதற்கு விதி இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது எந்த நாடு பயணத்தின் முக்கிய நோக்கமோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. ஒரு நாட்டில் விசா வாங்கிவிட்டு அங்கே போகாமல் வேறெங்கோ சுற்றினால் எல்லையில் கேள்வி வரும், விசாவை ரத்து செய்யவும் முடியும். அப்பத்தாவை வைத்துக்கொண்டு அந்தச் சிக்கல் தேவையா? மகளைப் பார்க்கப் போகிறோம் என்றால் அதை அப்படியே எழுதி ஜெர்மனியிடம் கேளுங்கள்.

இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூன் 11க்கு முன் 80 ஆக இருந்தது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது கணக்கு, சில சமயம் 45 நாள் வரை இழுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு. நீங்கள் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஷெங்கன் எல்லையை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும்.

ஆவணங்களில் உங்கள் பங்கு: பல்கலைக்கழகம் தந்த அனுமதிக் கடிதம், விடுதி ஒப்பந்தம், உங்கள் விசா நகல், நீங்களே எழுதிய அழைப்புக் கடிதம். அப்பா தரப்பில் கடைசி சில மாதத்து வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம். அப்பத்தாவின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். திரும்பி வந்துவிடுவார்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவேண்டும். வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா, ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகள், எல்லாமே அதற்கு உதவும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விசாவுக்குப் போதுமான மலிவான பாலிசி பல, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஒன்றும் தராது. அப்பத்தாவின் சர்க்கரையை மறைக்காமல் சொல்லி, அதற்கும் சேர்த்துத் தரும் பாலிசியாகப் பார்த்து வாங்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

திருச்சி அப்பா | 12.01.2025

அம்மா, உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகன் மூன்று வருடம் முன் இரண்டு செமஸ்டர் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் படித்தான். தூலிப் பூக்கும் காலம் என்று ஏப்ரலில் போனோம். கொய்க்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை மட்டும்தான் திறந்திருக்கும், அதனால் அந்தத் தேதிதான் என்று நானே முடிவு செய்தேன். அவனிடம் "உனக்குச் சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். "சரிப்பா" என்றான். அது அவனுக்குப் பரீட்சை வாரம். பகலெல்லாம் எங்களோடு சுற்றிவிட்டு இரவு இரண்டு மணிவரை படித்திருக்கிறான். ஒரு பாடம் போய்விட்டது. எங்களுக்கு அது தெரிந்தது ஆறு மாதம் கழித்து.

தோட்டம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு இன்றும் நினைவிருப்பது வேறு. கடைசி நாள் மாலை அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு நடந்து வந்தான். "இந்தக் கடையில் ரொட்டி வாங்குவேன், இந்தப் பாலத்தில் நின்று உங்களுக்குப் போன் செய்வேன்" என்று காட்டினான். எட்டு மாதமாகப் போனில் கேட்ட அந்தக் காற்றுச் சத்தம் அந்தப் பாலத்துடையது. அந்த நடை ஒரு மணி நேரம் இருக்கும். வந்த முதல் நாளே அப்படி நடந்திருக்கலாம் என்று அவன் அம்மா இன்னமும் சொல்வாள்.

உன் அப்பாவிடம் இதைக் காட்டு. பரீட்சை அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் டிக்கெட் போடச் சொல்.

லா ஷப்பெல் அக்கா | 13.01.2025

தங்கச்சி, நான் பாரிஸில் முப்பது வருசமாக இருக்கிறன். இஞ்சை வந்து இறங்கும் பஸ் கூட்டங்களை நாளும் பார்க்கிறன். காலமை வந்து, கோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்து, பின்னேரம் போய்விடுவினம். வயசான அம்மாமார் பஸ்ஸிலேயே நித்திரை.

பாரிஸ் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கட ஊரிலிருந்து அது அவ்வளவு தூரமும் இல்லை. ஃப்ரைபுர்க்கிலிருந்து ஓஃபன்புர்க்கில் ரயில் மாறி ஸ்ட்ராஸ்பூர் வரலாம். அங்கிருந்து தெஜெவே (TGV) என்கிற வேக ரயிலில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பாரிஸின் கார் டு லெஸ்ட் ஸ்டேசன். அந்த ஸ்டேசனிலிருந்து லா ஷப்பெல்லுக்கு நடந்தே வரலாம். சாப்பாட்டுக்கடை, மரக்கறிக்கடை, நகைக்கடை எல்லாம் எங்கட ஆக்களுடையதுதான். மாணிக்க விநாயகர் ஆலயமும் கிட்டத்தான். வருகிற ஆக்கள் இரண்டு இரவு நின்றால் போதும், நல்லாப் பார்க்கலாம்.

சாமான் கொண்டுவருவது பற்றியும் சொல்கிறன். இறைச்சி, பால், அவற்றில் செய்தது ஒன்றும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவர ஏலாது. நெய்ப் போத்தலை எயார்போர்ட்டில் எடுத்துப்போட்டு விடுவினம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பழத்தில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் ஐந்துக்கும்தான் சான்றிதழ் தேவையில்லை. கருவாடு மட்டும் 20 கிலோ வரை கொண்டுவரலாம், அது கனபேருக்குத் தெரியாது. பொடி வகை, ஊறுகாய், வடகம் பிரச்சினை இல்லை.

ஈரோட்டுப் பொண்ணு | 13.01.2025

அக்கா, நாங்கள் சைவம், ஆனாலும் கருவாட்டுச் செய்தியைப் பக்கத்து வீட்டுச் சித்திக்குச் சொல்லிவிட்டேன். அப்பத்தா நெய் இல்லாமல் எப்படி என்று இப்போதே கவலைப்படுகிறார்.

டெல்ஃப்ட் தஞ்சாவூரான் | 13.01.2025

நெய்க்குக் கவலை வேண்டாம். ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டில் பட்டர்ஷ்மால்ட்ஸ் என்று கேளுங்கள். உருக்கிய வெண்ணெய்தான். கொஞ்சம் காய்ச்சினால் நம் நெய் வாசம் வந்துவிடும்.

நான் இப்போது படித்துக்கொண்டிருப்பவன், அதனால் மாணவன் பக்கத்திலிருந்து ஒன்று. உங்கள் விடுதி அறையில் நான்கு பேரும் தங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள், அவர்களோடு நீங்கள் மேலும் இரண்டு மாதம் இருக்க வேண்டும். சமையலறையோடு ஒரு விடுமுறை வீடு எடுங்கள். "முதல் மாடி" என்று போட்டிருந்தால் அது தரைக்கு மேல் ஒரு மாடி. லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள், அப்பத்தா முழங்காலுக்கு அது முக்கியம். அடுப்பு இண்டக்‌ஷனா என்றும் கேளுங்கள். நம் அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் அலறும்.

ஃப்ரைபுர்க்கை ஒட்டிய கருங்காட்டுப் (பிளாக் ஃபாரஸ்ட்) பகுதியில் பல ஊர்களில் தங்கினால் கோனுஸ் என்ற விருந்தினர் அட்டை தருவார்கள். அதை வைத்து அந்த வட்டாரத்தின் பஸ்ஸிலும் உள்ளூர் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். ஃப்ரைபுர்க் பக்கத்திலேயே கிர்ஷ்சார்டன், கொஞ்சம் மேலே ஹின்டர்சார்டன், டிடிசே. இல்லாவிட்டால் பஸ்ஸுக்கும் உள்ளூர் ரயிலுக்குமான மாதச் சீட்டு, ஜெர்மனி டிக்கெட், ஆளுக்கு ஒன்று போட வேண்டும் (2025இல் மாதம் 58 யூரோவாக இருந்தது), அது ஒரு காலண்டர் மாதத்துக்கு மட்டும். மே கடைசி, ஜூன் தொடக்கம் என்று தேதி விழுந்தால் இரண்டு மாதக் காசு.

மதுரை பையன் | 14.01.2025

மயிலாப்பூர் ஐயா சொன்ன விசா விதி எனக்குத் தெரியாது, தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். ஆனால் ஏழு நாடு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. என் அப்பா இருந்திருந்தால் அவருக்கு ஸ்விட்சர்லாந்தின் பனிமலையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. மகள் படிக்கும் அறையை வீடியோ காலில் பார்த்துவிடலாம், பனியை அப்படிப் பார்த்தால் ஆகுமா?

திருச்சி அப்பா | 14.01.2025

தம்பி, உன் மனது புரிகிறது. மலையைக் காட்டு. ஆனால் பதினோரு நாளும் பஸ்ஸில் உட்கார்ந்து அல்ல. வீடியோ காலில் அவர்கள் காட்டுவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். என் மகன் எட்டு மாதமும் கேமராவைச் சுவரைப் பார்த்துத்தான் வைத்திருந்தான்.

ஈரோட்டுப் பொண்ணு | 02.04.2025

ஃப்ரைபுர்க் வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு தகவல். அப்பாவுக்கு இந்த இழையை முழுதாகப் படித்துக் காட்டினேன். திருச்சி ஐயா எழுதியதைக் கேட்டுவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவரே டிராவல்ஸுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் சென்னை போய் விண்ணப்பித்தார்கள். அப்பத்தாவின் கைரேகை மட்டும் இயந்திரத்தில் பதியவே இல்லை. ஐம்பது வருடம் மஞ்சளும் கரும்பும் பார்த்த விரல்கள் தேய்ந்துவிட்டன. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஏழெட்டு முறை வைத்த பிறகு பதிந்தது. 17ஆம் நாள் நான்கு பேருக்கும் விசா வந்துவிட்டது.

கிர்ஷ்சார்டனில் தரைத்தளத்தில் ஒரு வீடு, ஜூன் 4 முதல் 15 வரை.

மயிலாப்பூர் பயணி | 02.04.2025

மகிழ்ச்சி. இரண்டு விஷயம். விமான நிறுவனத்திடம் அப்பத்தாவுக்குச் சக்கர நாற்காலி உதவி இப்போதே கேட்டு வையுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. அதற்குக் கட்டணம் இல்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் நேரே ரயில் என்றால், மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

மருந்தை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112. இரவில் அவ்வளவு அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117.

ஈரோட்டுப் பொண்ணு | 22.06.2025

எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

முதல் நாள் மாலை ஃப்ரைபுர்க் பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனேன். இங்கே தெருவோரம் பெக்லே என்று சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடும். ட்ரைசாம் ஆற்றுத் தண்ணீர். முழங்கை அளவு அகலம், கல் பாவியது. நான் கதீட்ரல் கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். 116 மீட்டர் உயரம், 1944 நவம்பர் குண்டுவீச்சில் சுற்றிலும் எல்லாம் இடிந்தபோதும் நின்றது என்று படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பத்தா கோபுரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தத் தண்ணீரில் கை வைத்தார். "நம்ம காலிங்கராயன் வாய்க்காலாட்டமே இருக்குதம்மிணி. இதுல எந்த வயலுக்குத் தண்ணி போகுது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொன்னேன்: அந்தக் காலத்தில் தீயணைக்கவும் கால்நடைக்கும் பயன்பட்டதாம். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அந்த வாய்க்கால்கள் வருகின்றன. காலிங்கராயன் வெட்டியதும் அதே நூற்றாண்டுதான். இரண்டு மாதமாக அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், ஒரு தடவையும் எனக்கு எங்கள் வாய்க்கால் ஞாபகம் வரவில்லை. அப்பாவும் அப்பத்தாவும் அரை மணி நேரம் அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள், மடை எங்கே இருக்கிறது என்று பார்க்க.

அப்புறம் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் இரண்டு இரவு பாரிஸ் போய்வந்தார்கள். ஸ்ட்ராஸ்பூரில் இறங்கி கதீட்ரலையும் பார்த்தார்கள். லா ஷப்பெல் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கார் டு லெஸ்ட்டிலிருந்து நடந்து போய் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள். அம்மா பேசுவதெல்லாம் அந்தக் கடைத்தெருவைப் பற்றித்தான். ஊரைவிட்டு வந்து இப்படி ஒரு தெருவையே கட்டி வைத்திருக்கிறார்களே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அந்த இரண்டு நாளும் அப்பத்தா என்னோடு இருந்தார். விடுதிக்குக் கூட்டிவந்தேன். ஏதாவது சமைக்கலாம் என்று என் அலமாரியைத் திறந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். ஏப்ரல் மாதம் முழுக்க நான் யாரோடும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் என்பது தெரியாமல் முதல் இரண்டு ஞாயிறும் வெறும் ரொட்டிதான். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. போனில் "சாப்பிட்டாச்சு" என்று மட்டும் சொல்வேன். அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை. அரிசியும்பருப்பும் சாதம் வைத்தார், பெரிய பாத்திரம் நிறைய. வாசனைக்கு மாடியில் இருந்த ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு கொரியப் பெண்ணும் ஒரு ஸ்பெயின் பெண்ணும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்பத்தாவுக்கு அவர்கள் மொழி தெரியாது, "போட்டுக்க கண்ணு" என்று அவர் சொன்னது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் இன்னும் மூன்று தட்டு வாங்கிவந்து என் அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

மதுரை அண்ணா, ஒன்று சொல்ல வேண்டும். ஷாவின்ஸ்லாண்ட் மலைக்குக் கேபிள் கார் போகிறது, 1,284 மீட்டர். மேலே பனி இல்லை, பசும்புல் மட்டும்தான். ஆனால் அன்று வானம் தெளிவாக இருந்ததால் தூரத்தில் ஆல்ப்ஸ் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உங்களை நினைத்துக்கொண்டேன்.

மதுரை பையன் | 22.06.2025

நன்றிம்மா. வேறொன்றும் எழுத வரவில்லை.

லா ஷப்பெல் அக்கா | 23.06.2025

உங்கட அம்மா சொன்னதை வாசிச்சிட்டு என்ர வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினன். அடுத்த முறை வந்தால் கடையில் இல்லை, எங்கட வீட்டில்தான் சாப்பாடு.

திருச்சி அப்பா | 23.06.2025

அம்மா, அந்த நெய் கிடைத்ததா?

ஈரோட்டுப் பொண்ணு | 23.06.2025

கிடைத்தது ஐயா. அப்பத்தா முகர்ந்து பார்த்துவிட்டு "எருமை நெய் இல்லை, ஆனா பரவாயில்லை" என்றார்.

கிராட்ஸ் போகிறவள் | 30.06.2025

நான் அக்டோபரில் ஆஸ்திரியாவின் கிராட்ஸுக்கு ஒரு செமஸ்டர் போகிறேன். அம்மா மட்டும் டிசம்பரில் வருவார். குளிரில் கூட்டிவரலாமா?

டெல்ஃப்ட் தஞ்சாவூரான் | 30.06.2025

கூட்டிவாருங்கள். ஆனால் டிசம்பரில் நாலே கால் மணிக்கே இருட்டிவிடும். வெளியே போவதை எல்லாம் மதியத்துக்குள் வையுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைகள் பெரும்பாலும் 24ஆம் தேதியோடு முடிந்துவிடும். 24 மதியத்திலிருந்து 26 வரை கடை இருக்காது, அரிசியும் காய்கறியும் 23ஆம் தேதியே வாங்கி வையுங்கள். அம்மாவுக்கு வழுக்காத அடியுள்ள, கணுக்காலுக்கு மேல் வரும் காலணி வேண்டும். கோட்டை ஊரில் வாங்க வேண்டாம், அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

ஈரோட்டுப் பொண்ணு | 30.06.2025

அம்மா வருவதற்கு முன்னாலேயே இரண்டு தட்டாக வாங்கி வைத்துவிடுங்கள்.